சலவை அறையில் ஒரு கல்லீரல்

மார்ச் 4, செவ்வாய்

எண்பத்தோராவது கல்லீரலை இன்று சலவைக்குப் போட்டோம்.

இந்தச் சொல்லை வெளியாட்கள் முன்னால் பேசக் கூடாது என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். போன வாரம் பார்வையாளர்கள் வந்திருந்தபோது எங்கள் லேப் பம்ப்காரர் சத்தமாக, "மேடம், எண்பதைச் சலவைலேர்ந்து எடுத்துடவா?" என்று கேட்டுவிட்டார். ஒரு அம்மாள் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

ஆனால் வேறு எப்படிச் சொல்வது? இறைச்சிக்கூடத்திலிருந்து பன்றியின் கல்லீரல் ஐஸ் பெட்டியில் வருகிறது. அதன் பெரிய ரத்தக் குழாயில் ஒரு டியூபைச் செருகி முதலில் உப்புநீர், அப்புறம் சோப்புத் தண்ணீர். இரண்டு நாள் மெதுவாக ஓட வேண்டும். செல்கள் எல்லாம் கழன்று வெளியேறிவிடும். பழுப்பு போய், சாம்பலாகி, கடைசியில் வெள்ளை. எஞ்சுவது கூடு மட்டும். அதன் உள்ளே குழாய்கள் இலை நரம்புபோலத் தெரியும். அந்தக் கூட்டில் மனித செல்களைக் குடியேற்ற வேண்டும். குடியேறியவை கல்லீரலாக வேலை பார்க்க வேண்டும். அவ்வளவுதான். பதினெட்டு வருடமாக நான் செய்வது இந்த இரண்டு வரி.

சலவை என்ற பெயர் எங்கள் முதல் அறையிலிருந்து வந்தது. யாரும் இடம் கொடுக்காத காலம். மருத்துவமனையின் அடித்தளத்தில், கைவிட்ட சலவை அறை ஒன்றின் சாவியைக் கையில் கொடுத்தார்கள். ஆவியும் பழைய சோப்பும் மணக்கும் சுவர்கள். அவரும் நானும். மீன் தொட்டிக்குப் போடும் பம்ப் ஒன்று. எங்கள் மகள் வாலுவுக்கு அப்போது எட்டு வயது. பள்ளி விட்டதும் நேரே அங்கே வந்து, துணி மடிக்கும் மேசைமேல் கால் தொங்கப் போட்டு உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். முதன்முதலாக ஒன்று முழுக்க வெளுத்த அன்று மூவரும் தொட்டியைச் சுற்றி நின்றோம். "ஜெல்லி மீன்" என்றாள். அவர் அவளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு அறையைச் சுற்றி வந்தார். உத்தரத்தில் அவள் தலை இடித்தது. அழுதாள். நாங்கள் சிரித்துக்கொண்டே இருந்தோம்.

ஏன் இதெல்லாம் இன்றைக்கு? சாயங்காலம் வாலு போன் செய்ததால்.

"அம்மா, அப்பாவைப் பாத்துட்டு வர்றேன். கண்ணு மஞ்சளா இருக்கும்மா. கேட்டா தூக்கம் சரியில்லங்கறாரு."

தூக்கம் கெட்டால் கண் சிவக்கும். மஞ்சளாகாது. அதை அவருக்கு நான் சொல்லித் தர வேண்டுமா?

மார்ச் 5, புதன்

நான்கு முறை போன் அடித்தேன். எடுக்கவில்லை. எடுக்க மாட்டார்.

மார்ச் 9, ஞாயிறு

சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றேன். மூன்றாம் மாடி, இரண்டு அறை. விவாகரத்தாகி ஒன்பது வருடத்தில் அந்த வாசற்படி தாண்டுவது இது மூன்றாவது தடவை. மேசை முழுக்கப் பள்ளிப் பிள்ளைகளின் உயிரியல் நோட்டுகள், திருத்தியது பாதி, திருத்தாதது பாதி. இந்த வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டுப் பொத்தானையும் பூட்டியிருந்தார்.

"எவ்வளவு நாளா?" என்றேன்.

"எது எவ்வளவு நாளா?"

"சட்டைக் கையை மடிச்சு விடுங்க."

மடித்தார். முழங்கை வரைக்கும் சொறிந்த தடம். சில இடத்தில் ரத்தம் காய்ந்திருந்தது. பித்தம் உடம்பில் தேங்கினால் இப்படித்தான் அரிக்கும். எத்தனை பேருக்கு வகுப்பெடுத்திருக்கிறேன் இதை.

மூன்று வருடமாம். பித்தக் குழாய்கள் ஒவ்வொன்றாகச் சுருங்கி அடைபடும் நோய். காரணம் தெரியாது, நிறுத்தும் மருந்தும் கிடையாது.

"எங்கிட்ட சொல்லணும்னு தோணவே இல்லையா?"

"உனக்குக் கல்லீரல்னா வேலை. வேலைய வீட்டுக்குக் கொண்டு வராதேன்னு சண்டை போட்டதே நான்தான். நானே எப்படி கொண்டு வர்றது?"

சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். காபி போட்டுக் கொடுத்தார். எனக்குச் சர்க்கரை அரை ஸ்பூன் என்பது நினைவிருந்தது. கீழே இறங்கி பஸ் நிறுத்தத்தில் நின்றபோது அழுகை வந்தது. இரண்டு பஸ்ஸை விட்டேன்.

மார்ச் 18, செவ்வாய்

சர்ஜனிடம் அழைத்துப் போனோம். சர்ஜன் என்றால் என் ஹாஸ்டல் அறைத்தோழி. ஊரில் எத்தனை பேருக்குக் கல்லீரல் மாற்றியிருந்தாலும், என் சோப்பைக் கேட்காமல் எடுத்தவள் அவள்தான்.

விவரம் எழுதிக்கொண்ட நர்ஸ் தலை நிமிராமல், "எத்தனை வருஷமா குடிக்கிறாரு?" என்று கேட்டாள்.

"காபியா?" என்றார் அவர்.

வாலு குனிந்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

பிறகு சர்ஜன் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டாள். "லிஸ்ட்ல போட்டுடறேன். ஆனா அவருக்கு ஓ குரூப். வரிசை நீளம். வருஷக் கடைசி தாண்டுவார்னு என்னால சொல்ல முடியல."

"என்னோடதுல பாதி எடுத்துக்கோ."

"உனக்கு பி குரூப், சேராது. ரத்தம் குடுத்துட்டு மயக்கம் போட்டு விழுந்தியே, தூக்கிட்டு வந்தது யாரு?"

வீட்டில் ஓ குரூப் யாருக்கு என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். 

மார்ச் 23, ஞாயிறு

அவர் எப்படிப் போனார் என்று யோசித்துக்கொண்டே துணி காயப்போட்டேன்.

சண்டை என்று ஒன்றைச் சுட்டிக்காட்ட முடியவில்லை. நாற்பத்து மூன்றாவது கல்லீரல் நினைவிருக்கிறது. அதைத்தான் முதன்முதலாக உயிருள்ள பன்றிக்குப் பொருத்தினோம். ரத்தம் உள்ளே போனதும் வெள்ளைக் கூடு சிவந்தது. சூரியன் உதிக்கிற மாதிரி சிவந்தது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். ஒன்பதாவது நிமிடம் ரத்தம் உறைந்தது. உறைந்த ரத்தத்துக்கு ஒரு கருநீலம் உண்டு, ஓரத்திலிருந்து பரவும். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே நின்றோம்.

அவர் கையைக் கழுவிக்கொண்டு, "எனக்குப் போதும்மா" என்றார்.

மறுநாள் காலை நான் நாற்பத்து நான்கைச் சலவைக்குப் போட்டேன். அதுதான் சண்டை என்றால் அதுதான். அவர் பள்ளிக்கூட வேலைக்குப் போனார். ஆறு மணிக்கு வீட்டில் விளக்குப் போட்டு, வாலுவோடு சாப்பிட்டு, எனக்கு ஒரு தட்டு மூடி வைப்பார். இரண்டு வருடம் மூடி வைத்தார். பிறகு அவருடைய தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஏப்ரல் 2, புதன்

அடைத்த பித்தக் குழாயை விரித்துவிட ஒரு சின்னச் சிகிச்சை. மஞ்சள் கொஞ்சம் குறையும், சில வாரத்துக்கு. கட்டிலருகே நானிருந்தேன்.

"நம்ம ஜெல்லி மீன் இப்ப எங்க இருக்கு?" என்று கேட்டார். பதினோரு வருடத்தில் முதல் முறையாக லேபைப் பற்றிக் கேட்கிறார்.

"பதினோரு மணி நேரம் ரத்தம் ஓடுது. அப்புறம் உறைஞ்சுடுது."

"ஒன்பது நிமிஷத்துலேர்ந்து பதினோரு மணி நேரமா!" எழுந்து உட்காரப் பார்த்தார். "ரத்தக் குழாயோட உள்சுவர் செல்லை எந்தப் பக்கமா விடறீங்க?"

"ரெண்டு பக்கமும். முதல்ல சின்ன குழாய் வழியா, மறுநாள் பெரிசு வழியா."

"அடடா. ரெண்டு பக்கமும்." கண்ணை மூடிக்கொண்டார். "அது எனக்குத் தோணல பாரு."

ஒரு மணி நேரம் அதையே பேசினோம். நர்ஸ் வந்து, "நோயாளிக்கு ஓய்வு வேணும்" என்று என்னை வெளியே அனுப்பினாள். என்னிடம் இவ்வளவு ஆசையாக யாரும் பேசி எத்தனை காலமாயிற்று.

ஏப்ரல் 11, வெள்ளி

எதிர்பார்த்ததுதான். ஆனாலும்.

வாலு குளத்திலிருந்து நேராக வந்தாள், தலையில் ஈரம்கூடக் காயவில்லை. பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லித்தரும் வேலை. வருடம் முழுக்க அவளிடம் குளோரின் வாசனை.

"நான் டெஸ்டுக்குப் பேரு குடுத்துட்டேம்மா."

"என்ன டெஸ்டு?" தெரிந்தே கேட்டேன்.

"அப்பாவுக்குக் குடுக்கறதுக்கு."

"யாரைக் கேட்டு?"

"எனக்கு இருபத்தாறு வயசாச்சு."

என்னவெல்லாமோ சொன்னேன். அறுபது சதவீதம் வெட்டி எடுப்பார்கள், தெரியுமா? ஆரோக்கியமாக உள்ளே போகிறவர்களில் ஐந்நூறில் ஒருவர் திரும்பி வருவதில்லை, தெரியுமா? இருநூறில் என்றுகூடச் சொல்கிறார்கள். வயிறு முழுக்கத் தழும்பு. நீச்சல் என்னாவது?

"நாலு மாசம் கழிச்சு நீந்துவேன். அப்பா போயிட்டா நாலு மாசம் கழிச்சு வருவாரா?"

கதவை ஓங்கிச் சாத்திக்கொண்டு போனாள். சாவியை மறந்து, திரும்பி வந்து எடுத்துக்கொண்டு, மறுபடியும் ஓங்கிச் சாத்தினாள்.

ஏப்ரல் 12, சனி

என்ன செய்துகொண்டிருந்தேன் பதினெட்டு வருஷமா? யாரையும் அறுக்க வேணாம், நல்லா இருக்கிற ஒருத்தரோட வயித்தைக் கிழிச்சு இன்னொருத்தருக்கு வைக்க வேணாம் — அதுக்குத்தானே? எத்தனை மேடையில இதைச் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கேன். இப்ப என் பொண்ணு. என் பொண்ணுதானா கிடைச்சா?

அவளுக்கு ஒரு ஊசி போடறதைக்கூட நான் ஒரு நாளும்— இல்லை. எதையோ எழுதுகிறேன். நிறுத்துகிறேன்.

ஏப்ரல் 24, வியாழன்

ஒரு மடத்தனத்தை எழுதி வைக்க வேண்டும், அப்போதுதான் மறக்க மாட்டேன்.

இந்த இரண்டு வாரம் நான்கு கல்லீரல் போட்டேன். வழக்கமாக வருடத்துக்கே நாலைந்துதான். மூன்று உறைந்தன. எண்பத்து நான்கு மட்டும் பதினாறு மணி நேரம் தாங்கியது. அதை வைத்து ஒரு விண்ணப்பம் எழுதினேன்: உடலுக்கு வெளியே வைத்து, நோயாளியின் ரத்தத்தை அதில் ஓடவிட்டுத் திருப்பி அனுப்ப, விசேஷ அனுமதி. நோயாளி யார் என்று எழுதும் இடத்தைக் காலியாக விட்டேன்.

பம்ப்காரரிடம் படிக்கக் கொடுத்தேன். பொறியாளர், அதிகம் பேசமாட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மேடம், இது வேற யாராவது ஒருத்தருக்குன்னா கையெழுத்துப் போடுவீங்களா?"

"பதினாறு மணி நேரம் ஓடியிருக்கு."

"ஒண்ணு ஓடியிருக்கு. மூணு உறைஞ்சிருக்கு. உறைஞ்ச கட்டி ஒண்ணு சார் மூளைக்குப் போச்சுன்னா?"

கிழித்துப் போட்டேன். அவரே கூட்டி அள்ளினார். அவர் சொன்னது சரி. அது சரி என்பதுதான் தாங்க முடியவில்லை. இன்னும் பத்து வருடமாவது ஆகும். எனக்குத் தெரிந்த கணக்கு இது. எனக்கு மட்டும் மாற்றிப் போட முடியாது.

மே 5, திங்கள்

வாலுவுக்கு எல்லாப் பரிசோதனையும் முடிந்தது. குழாய் அமைப்பு, அளவு, எல்லாம் பொருந்துகிறது. பாடப்புத்தகக் கல்லீரல் என்றார்களாம். எந்தத் தாயாவது இதைக் கேட்டு அழுதிருப்பாளா?

நான் சர்ஜனின் அறைக்குப் போனேன். கேட்டேன். எழுதவே கை கூசுகிறது. "பொருந்தலன்னு சொல்லிடேன்" என்று கேட்டேன்.

கொடுக்க முன்வருகிறவர்கள் பயந்து பின்வாங்கினால், வீட்டாருக்குத் தெரியாமல் 'உடல் பொருந்தவில்லை' என்று சொல்லிக் காப்பாற்றிவிடுவார்கள். அது எனக்குத் தெரியும். அதைத்தான் கேட்டேன்.

அவள் பேனாவை மூடி வைத்தாள். "அந்தக் கதவு உன் பொண்ணுக்காக வச்சது. அவளைத் தனியா உக்கார வச்சு மூணு தடவை கேட்டேன். மூணு தடவையும் ஒரே பதில். அந்தக் கதவை நீ திறக்க முடியாதுடி."

"நீ என் இடத்துல இருந்தா?"

"நானும் வந்து இப்படிக் கேட்டிருப்பேன். எதிர்ல உக்காந்திருக்கறவ இல்லைன்னுதான் சொல்லியிருக்கணும்."

எழுந்து வந்தேன். அவருடைய உயிரை விலையாக வைத்துத்தான் அதைக் கேட்டேன் என்பது படியிறங்கும்போதுதான் உறைத்தது.

மே 14, புதன்

இப்போது அவர் மாட்டேன் என்கிறார்! வாலுவின் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு ஒரே வார்த்தை: வேண்டாம். மூன்று நாளாக அவள் போனை எடுக்கவில்லை.

வாலு வந்து சமையலறைத் தரையில் உட்கார்ந்தாள். "நான் சொன்னா கேக்க மாட்டாரு. நீ சொல்லும்மா."

"நானா?"

"அப்பா உன் பேச்சை மட்டுந்தான் கேப்பாரு. உன்னை விட்டுப் போனதுகூட நீ போங்கன்னு சொன்னதாலதானே."

நான் அப்படிச் சொன்னேனா? சொல்லியிருப்பேன். அவளுக்கு நினைவிருக்கிறது. பதினேழு வயதில் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டிருக்கிறாள்.

மே 25, ஞாயிறு

லேபில் யாருமில்லாத நாள் என்று இன்று அவரை வரச் சொன்னேன். மறுக்கவில்லை. பார்க்க வேண்டும் என்ற ஆசை அவருக்கு எப்போதும் இருந்திருக்கிறது. நான் கூப்பிட வேண்டும் என்று காத்திருந்திருக்கிறார், முட்டாள்.

மெலிந்துவிட்டார். வயிறு மட்டும் நீர் கோத்து முன்னால் நின்றது. தொட்டிகளைப் பார்த்ததும் சுவரைப் பிடிக்காமல் நடந்தார். எண்பத்தேழு அப்போதுதான் வெளுத்து முடிந்திருந்தது. விளக்கைப் பின்னால் வைத்துக் காட்டினேன். உள்ளே குழாய்கள், கிளை, கிளைக்குக் கிளை.

"நம்ம ஜன்னல் ஞாபகம் இருக்கா?" என்றார். "மேல, ஒரு முழம் அகலத்துல. பத்து மணி வெயில் வரும். அதுல தூக்கிப் பிடிச்சுத்தான் பாப்போம்."

"அந்தப் பத்து நிமிஷத்துக்கு மத்த வேலையெல்லாம் நிக்கும்."

"நாம ரொம்ப சந்தோஷமா இருந்தோம் இல்ல?"

"ஆமா."

 பிறகு சொன்னேன். எதையும் மறைக்கவில்லை: விண்ணப்பம் எழுதியதை, கிழித்ததை, சர்ஜனிடம் போய்க் கேட்டதை. கடைசி விஷயத்தைச் சொன்னபோது கோபப்படுவார் என்று நினைத்தேன். தலையைத்தான் ஆட்டினார்.

"நல்லது பண்ணினே. நானும் அதையேதான் கேக்க நினைச்சேன்."

"இல்லைங்க. தப்பு பண்ணினேன். அவ மூணு தடவை யோசிச்சு மூணு தடவை சரின்னு சொல்லியிருக்கா. அதை நாம ரெண்டு பேரும் காதுல போட்டுக்கவே இல்ல. எட்டு வயசுப் பொண்ணா நினைச்சுட்டு இருக்கோம். இப்ப அவளே நம்ம ரெண்டு பேரையும் தூக்கிட்டு நிக்கறா."

"அவளுக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

"என்னால சொல்ல முடியாது. பயமா இருக்கு. தினமும் பயமா இருக்கு. ஆனா நீங்க வேணாம்னு சொல்லிட்டுப் போயிட்டா, அப்பாவைக் காப்பாத்த வழி இருந்தும் விடலைன்னு அவ காலம் பூரா நினைப்பா. அன்னிக்கு உங்களைப் போகாதீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்னு நான் ஒன்பது வருஷமா நினைச்சுட்டு இருக்கேன். அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்."

நானா இதைச் சொன்னேன்? நான்தான்.

அவர் தொட்டியின் விளிம்பில் கையை வைத்துக்கொண்டார். "அவகிட்ட நானே பேசறேன்" என்றார். பிறகு, "சோப்புத் தண்ணி கொஞ்சம் வேகமா ஓடுதோ?" என்றார். பார்த்தேன். வேகமாகத்தான் ஓடியது.

ஜூன் 12, வியாழன்

ஏழு மணிக்கு வாலுவைக் கொண்டுபோனார்கள். ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டு, "குளத்துல தண்ணி மாத்தச் சொல்லிடும்மா, இன்னிக்கு வியாழக்கிழமை" என்றாள்.

ஒன்பதுக்கு அவரை. ஒன்றும் பேசவில்லை. என் கையை எடுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டார்.

பதினொன்று. ஒன்று. பம்ப்காரர் வந்து சாப்பாடு வைத்துவிட்டுப் போனார். குழாய் எங்கே வெட்டுவார்கள், எதை எதோடு தைப்பார்கள், எல்லாம் எனக்குத் தெரியும். தெரியாமலிருந்தால் தேவலை.

மூன்றரை — வாலு வெளியே வந்துவிட்டாள். மூச்சுக்காகச் செருகிய டியூபை எடுத்துவிட்டார்கள்.

ஆறேகால் — சர்ஜன் தொப்பியோடு வந்தாள். கண்ணுக்குக் கீழே பள்ளம். "ரத்தத்தை நிறுத்தின கிளாம்பை எடுத்த உடனே சிவந்துதுடி. பத்து நிமிஷத்துல பித்தம் சொட்ட ஆரம்பிச்சுது. தங்க நிறத்துல."

அந்தச் சிவப்பு எனக்குத் தெரியும். உறையாமல் நிற்கும் சிவப்பைத்தான் நான் பார்த்ததில்லை.

ஜூன் 13, வெள்ளி

வாலு கண் திறந்தாள். "வலிக்குது. அப்பா?" — இருக்காரு, நல்லா இருக்காரு. — "மஞ்சள்?" — குறையுது. — "ம்." தூங்கிவிட்டாள்.

ஜூன் 18, புதன்

காய்ச்சல். வாலுவுக்கு. வலது தோள் வலிக்குதுங்கறா. வெட்டின இடத்துல பித்தம் கசியுது. கடவுளே. ரெண்டாவது தடவை உள்ள கொண்டுபோய் ஒரு டியூப் வச்சிருக்காங்க. அவரு அடுத்த வார்டுல எழுந்து நடக்கறாரு, கண்ணு வெள்ளையாயிடுச்சு, சாப்பாடு கேக்கறாரு. அவ முனகறா. அவரைப் பார்க்கப் போகவில்லை இன்று. போனால் என் முகத்தில் தெரிந்துவிடும்.

ஜூன் 21, சனி

காய்ச்சல் இறங்கியது. கசிவும் குறைகிறது.

அவள் தெளிவாக இருந்தாள். சொல்லிவிட்டேன் — சர்ஜனிடம் போய்க் கேட்டதை. எதற்கு அவளிடம் சொன்னேன் என்று தெரியவில்லை. இவ்வளவு பட்டவளிடம் மறைத்து வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார முடியவில்லை.

சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.  சூப்பை நர்ஸ் கையால் வாங்கிக் குடித்தாள். சாயங்காலம் ஐந்து மணிக்குச் சுவரைப் பார்த்தபடியே, "நானா இருந்தாலும் கேட்டிருப்பேன். ஆனா கேட்டது தப்பு" என்றாள்.

"ஆமா, தப்பு."

"தலையணைய சரி பண்ணு."

ஜூலை 6, ஞாயிறு

இரண்டு நோயாளிகளும் என் வீட்டில். அவரைத் தனியாக மூன்றாம் மாடிக்கு அனுப்ப முடியாது என்று சர்ஜன் உத்தரவு. வாலுவுக்கு என் அறை, அவருக்கு முன்னறை சோபா, எனக்குத் தரை. காலையில் இரண்டு பேரும் வயிற்றில் தலையணையை அணைத்துக்கொண்டு எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். சிரிக்க வைத்தால் வலிக்கும் என்று தெரிந்தே ஒருவரையொருவர் சிரிக்க வைக்கிறார்கள்.

"பெத்த கடன் பாதி அடைஞ்சுது" என்கிறாள் அவள்.

"பாதி இல்லம்மா, அறுபது சதவீதம்" என்கிறார் வாத்தியார்.

மருந்து கொடுக்கும் நேரப் பட்டியலை அவர் கையெழுத்தில் எழுதிச் சமையலறையில் ஒட்டியிருக்கிறார். கட்டம் போட்டு, சிவப்பு மையில் தலைப்பு. தண்ணீர் குடிக்கப் போனவள் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

அவர் பெட்டியில் துணி அடுக்கினார். இனி தன்னால் தனியாகச் சமாளிக்க முடியும் என்றார். பள்ளியும் அக்டோபரில் வரச் சொல்கிறதாம். நியாயம்தான்.

நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். பஸ் இத்தனை மணிக்கு என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"போகாதீங்க" என்றேன்.

ஒரே வார்த்தை. மடித்த சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். உள்ளேயிருந்து வாலு, "நான் காதைப் பொத்திக்கிட்டேன், பேசுங்க" என்று கத்தினாள்.

செப்டம்பர் 8, திங்கள்

வாலுவுக்கு ஸ்கேன். கல்லீரல் தொண்ணூற்றிரண்டு சதவீதம் திரும்ப வளர்ந்துவிட்டது. மூன்றே மாதம். கூடு இல்லை, பம்ப் இல்லை, என்னைப்போல யாரும் பக்கத்தில் நின்று கவலைப்படவும் இல்லை. உள்ளே, தானாக.

திரையைப் பார்த்தபோது எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. என்னை இவ்வளவு வருடம் அலைக்கழித்தது அவளுக்குள் எவ்வளவு சாதாரணமாக நடந்திருக்கிறது.

"என்னம்மா முறைக்கறே?" என்றாள்.

"நீ எப்படிப் பண்ணினேன்னு பாக்கறேன்."

செப்டம்பர் 30, செவ்வாய்

தொண்ணூறாவது கல்லீரல் இருபத்தொரு மணி நேரம் ஓடி உறைந்தது. குறித்துக்கொண்டேன். எங்கே முதலில் கறுத்தது என்பது இந்த முறை தெளிவாகத் தெரிகிறது. நாளைக்கு அடுத்தது.

பதினோரு மணிக்குச் சர்ஜன் கூப்பிட்டாள். "உள்ள ஒரு பையன் அவன் அக்காவுக்குக் குடுத்துட்டு இருக்கான். அம்மா மட்டும் தனியா வெளியில. யாரு என்ன சொன்னாலும் தண்ணிகூட குடிக்க மாட்டேங்கறாங்க. கொஞ்சம் வர்றியா?"

போனேன். என் வயதிருக்கும். இரண்டு பிள்ளைகளின் செருப்பையும் ஒரு பையில் போட்டு மடியில் வைத்திருந்தார்.

"நீங்க டாக்டரா?"

"இல்லைங்க. கல்லீரல் செய்யறது எப்படின்னு ஆராய்ச்சி பண்றேன்."

"செய்ய முடியுமா? அப்ப எதுக்கு என் பையனை வெட்டறாங்க?"

"இன்னும் முடியல. முயற்சி பண்ணிட்டு இருக்கேன்." பக்கத்தில் உட்கார்ந்தேன். "ஜூன் மாசம் எங்க வீட்லேர்ந்தும் ரெண்டு பேர் உள்ள போனாங்க."

முதன்முறையாக என் முகத்தைப் பார்த்தார். "இப்ப?"

"பொண்ணு காலைல நீந்தப் போயிட்டா. அவரு வீட்ல இருக்காரு. நான் திரும்பிப் போனதும் சேர்ந்து சாப்பிடணும்னு சொல்லி அனுப்பியிருக்காரு."

அந்த அம்மாள் தண்ணீர் பாட்டிலை எடுத்தார். மூடி திறக்கவில்லை. வாங்கித் திறந்து கொடுத்தேன்.